மூன்று கோடும் ஒரு புள்ளியும்

சைக்கடெலிக் ராக் என்றால் என்னவென்று தெரிந்த ஆள் தருமபுரியில் ஒருவர்தான் இருந்தார். அந்த ஒருவர் தாமே என்பதில் வெங்கடாசலத்துக்கு இருந்த பெருமை, அவர் நடத்திய டுட்டோரியலில் பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளைகளின் எண்ணிக்கையைவிடப் பெரிது.

போதையில் மனசு சுற்றுகிற சுற்றலைக் கிட்டாரிலும் ஆர்கனிலும் கொண்டுவரும் அந்தச் சங்கீதத்தில் நாற்பத்துமூன்று இசைத்தட்டுகள் அவரிடம் இருந்தன. பெங்களூர்ப் பழைய சாமான் சந்தையில் ஞாயிறு தவறாமல் குனிந்து பொறுக்கியவை. அவற்றிலும் அவர் தேடுவது ஒரு தனி இனம். ஸ்டூடியோக்காரர்கள் கூலிக்கு வாசித்து, இல்லாத குழு ஒன்றின் பெயரை உறைமேல் போட்டு வெளிவந்து, வாசித்தவன் யாரென்றே தெரியாமல் போன தட்டுகள்.

"ஆள் தெரியாம இருக்கறதுதான் இதுக்கு மதிப்பு" என்பார்.

"தெரிஞ்சிருந்தா தேடிப் போயி உதைச்சிருப்பாங்க. அதான் பேரு போடல" என்பார் மனைவி கோவிந்தம்மாள்.

நாற்பத்துமூன்றுக்கும் தலைமகுடம் ஒரு தட்டு. அதற்கு உறை கிடையாது. நடுவிலுள்ள லேபிளில் ஓரெழுத்தும் தெரியாதபடி வெள்ளை எனாமல் பூசி, அதன்மேல் சிவப்பில் மூன்று கோடும் ஒரு புள்ளியும் போட்டிருந்தது. மேற்கு ஜெர்மனியிலிருந்து இருநூறு பேருக்கு மட்டும் வரும் சேகரிப்பாளர் மடலில் இதைப்பற்றி வெங்கடாசலம் ஆங்கிலத்தில் பதினோரு பக்கம் எழுதினார். மூன்று கோடு என்பது முக்குணம். புள்ளி என்பது சூனியம். அதற்கு மட்டும் நாலு பக்கம். வாசித்தவர் சீமையில் பெரிய குடும்பத்தில் பிறந்து, பெயரைத் துறந்து, இமயமலை ஏறிவிட்ட மகான். மற்ற தட்டுகள் எப்படியோ போகட்டும், இந்த வேதனை கூலிக்காரன் விரலில் வராது என்று முடித்திருந்தார்.

மடலின் ஆசிரியர் டீட்டர் பதில் போட்டார். இந்தியா வருகிறேன், நேரில் கேட்கிறேன், நீங்கள் சொல்வது சரியென்று பட்டால் நாங்கள் போடப்போகும் புத்தகத்துக்கு உங்கள் கட்டுரைதான் முன்னுரை. அன்றைக்கே வெங்கடாசலம் தெருவில் நடக்கும் நடை மாறிவிட்டது.

டீட்டர் வந்தது எண்பத்தாறாம் வருஷம், ஆகஸ்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள்தான் வோல்டேஜ் ஏறி வெங்கடாசலத்தின் ஆம்ப்ளிபயர் புகைந்துபோயிருந்தது. வேறு வழியில்லாமல் பாப்பாரப்பட்டி மைக்செட் இன்னாசிக்குச் சொல்லி அனுப்பினார். ஐம்பது தாண்டிய இன்னாசி, ஆம்ப்ளிபயரை டிவிஎஸ் பிப்டியின் பின்னால் கட்டிக்கொண்டு காலை பத்து மணிக்கு வந்து சேர்ந்தார்.

"வெளிநாட்டுக்காரர் முன்னாடி வளவளன்னு பேசப்படாது. ஒயரைக் குத்திட்டு ஓரமா நின்னுக்கணும்" என்றார் வெங்கடாசலம்.

"ஆகட்டுங்க சார்."

டீட்டர் நாற்காலி நுனியில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். வெங்கடாசலம் பட்டுத்துணியைப் பிரித்துத் தட்டை வெளியே எடுத்தார். ஒயர்ச் சுருளோடு எட்டிப் பார்த்த இன்னாசி சொன்னதை மறந்துவிட்டார்.

"அட, இது நம்ம மூணாம் பொட்டி!"

"என்னது?"

"மூணு கோடு போட்டா மூணாம் நம்பர் பொட்டியில வெக்கற தட்டுங்க. லேபிளப் பாத்தா அடுத்த மைக்செட்டுக்காரன் அதே பாட்ட வாங்கிருவானில்லீங்களா? அதுக்குத்தான் பெயிண்டு பூசறது. கேசட்டு வந்தப்புறம் எல்லாத்தையும் எடைக்குப் போட்டேன். இது பெங்களூரு போயிருச்சுங்களா?"

வெங்கடாசலம் லேபிளைத் தடவினார். "அப்போ புள்ளி?"

"கல்யாண வூட்டுல மறந்தும் இதப் போட்றாதேன்னு அடையாளமுங்க."

நாலு பக்கம் போயிற்று.

"பின்னே எதுக்குத்தான் போடுவீங்க?"

"திருவிழா முடிஞ்சும் சனம் கலையலீன்னா போடுவமுங்க. பத்தே நிமிசம். பந்தலு காலியாயிரும்."

டீட்டர் ஆங்கிலத்தில் கேட்டார், அவர் என்ன சொல்கிறார்?

"தட்டைப் பார்த்து வியக்கிறார்" என்றார் வெங்கடாசலம். பிறகு இன்னாசியை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார். "இது உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

"வாசிச்சதுக்குக் குடுத்ததுங்க."

"யாரு வாசிச்சது?"

"கிட்டாரு நானுங்க."

வெங்கடாசலம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இமயமலை கண்ணெதிரே சரிந்து பாப்பாரப்பட்டிச் சந்தையில் விழுந்தது.

"எழுபத்தொண்ணுல மெட்ராசுல இருந்தேனுங்க" என்றார் இன்னாசி. "சினிமாப் பாட்டு ஒண்ணு மத்தியானமே முடிஞ்சிருச்சு. ஸ்டூடியோ சாயங்காலம் வரைக்கும் நம்ம கையில. யாரோ ஏற்றுமதிக்காரரு வந்து ஒரு வெளிநாட்டுத் தட்டப் போட்டுக் காட்டி, இதேமாதிரி நாப்பது நிமிசம் கத்துங்கன்னாரு. அஞ்சு பேரு உக்காந்து கத்துனோம். பேரு போடட்டுமான்னு கேட்டாரு. வேண்டவே வேண்டாமுன்னு கையெடுத்துக் கும்பிட்டோம்."

"அண்ணே" என்றார் வெங்கடாசலம். அரைமணி நேரத்துக்கு முன்னால்வரை மைக்செட்டாக இருந்தவர் அண்ணனாகிவிட்டார். "இதை யார்கிட்டயும் சொல்லிராதீங்கண்ணே."

"நான் எதுக்குங்க சொல்றேன்? எங்க சர்ச்சுப் பங்குச்சாமிக்குத் தெரிஞ்சா கோயில்ல ஆர்மோனியம் தொட வுடுவாரா?"

ஒப்பந்தம் முடிந்தது. வெங்கடாசலம் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து ஊசியை வைத்தார்.

கிட்டார் முனகியது, நெளிந்தது, அழுதது. டீட்டர் கண்ணை மூடினார். அடுப்படியில் கோவிந்தம்மாள் கதவைச் சாத்தினார். ஏழாவது நிமிடத்தில், உடலைவிட்டு உயிர் பிரியும் ஓசை என்று வெங்கடாசலம் எழுதியிருந்த அந்தப் பேரலறல் வரவேண்டும். அது வருவதற்கு ஒரு நொடி முன்னால், இன்னாசி கையிலிருந்த ஒயரை உதறிவிட்டு ஒரே எட்டில் பின்னால் குதித்தார்.

பிறகுதான் அலறல் வந்தது.

டீட்டர் கண்ணைத் திறந்திருந்தார். எழுந்துபோய் ஊசியைத் தூக்கினார். இது வரப்போகிறதென்று இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"எதுக்குய்யா குதிச்சீங்க?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார் வெங்கடாசலம்.

"பழக்கதோசமுங்க, இந்த எடம் வந்தாலே குதிச்சிருவேன். எங்க அஞ்சு பேருல வயலினு வாசிச்ச பெரியண்ணன்னு ஒருத்தன் மைக்க நகத்துனப்ப கரண்டு அடிச்சிருச்சு. அவன் போட்ட கூப்பாடுதானுங்க அது. அழிச்சிட்டு வேற வாசிக்கறமுன்னோம். ஏற்றுமதிக்காரரு இதுதான் இருக்கறதுலயே நல்லாயிருக்குதுன்னுட்டாரு."

"அவருக்குச் சத்தமென்றால் பயம்" என்று டீட்டரிடம் சொன்னார் வெங்கடாசலம்.

டீட்டர் அதைக் காதில் வாங்கவில்லை. ஊசியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்துவிட்டு இன்னாசியின் இடது கையையே பார்த்தார். கீழே கிடந்த ஒயர்ச் சுருளைப் பொறுக்கிக்கொண்டிருந்த இன்னாசியின் விரல்கள், அவர் அறியாமலே அந்தச் சுருள்மேல் ஏறி இறங்கின. தட்டில் கிட்டார் நெளியும் இடத்தில் விரலும் நெளிந்தது. நிற்கும் இடத்தில் நின்றது.

டீட்டர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். இன்னாசியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

தேநீரோடு வந்த கோவிந்தம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "ஏனுங்க, வெள்ளைக்காரரு எதுக்கு மைக்செட்டுக்காரர் கையப் புடிச்சு அழுவறாரு? எதனா குடுத்தீங்களா?"

"இப்படிப் பெயரில்லாமல் வாசித்த ஒருவரையாவது பார்க்கப் பத்து வருஷமாகத் தேடுகிறேன்" என்றார் டீட்டர். சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து வெங்கடாசலத்தின் முன் நீட்டினார். "பெயரைக் கேளுங்கள்."

முன்னுரை செத்துப்போனது என்று வெங்கடாசலத்துக்குத் தெரிந்துவிட்டது. "பேரைக் கேக்கறாரு" என்றார்.

"ஐயையோ, பேரு வேணாமுங்க! எந்த பொஸ்தகத்துலயும் போட வேணாமுன்னு சொல்லிருங்க சார்!"

அன்று காலையிலிருந்து ஒரு பொய்யும் கலக்காமல் வெங்கடாசலம் மொழிபெயர்த்த வாக்கியம் இது ஒன்றுதான். "தன் பெயர் வேண்டாம் என்கிறார். எங்கேயும் வேண்டாமாம்."

டீட்டர் குறிப்பேட்டை மூடினார். பிறகு மெல்லத் திரும்பினார். "நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை. பெயரைத் துறந்த மகான். மலையை மட்டும் மாற்றிவிடுங்கள்."

முன்னுரை பிழைத்துவிட்டது. ஆனால் அதில் இனி இன்னாசியை மகான் என்று, வெங்கடாசலம் தன் சொந்தப் பெயரில், தானே எழுதவேண்டும்.

"என்னங்க சொல்றாரு?" என்றார் இன்னாசி.

"உங்களை மகான்ங்கறாரு."

இன்னாசி ஆம்ப்ளிபயர்மேலேயே உட்கார்ந்துவிட்டார். "அதையும் போட வேணாமுன்னு சொல்லுங்க சார்!"

வெங்கடாசலம் வாயைத் திறந்தார். இதையும் மொழிபெயர்த்தால் மகான் இன்னும் பெரிய மகானாகிவிடுவார் என்று உறைத்தது. வாயை மூடிக்கொண்டார்.