சுவரில் வரைந்த டீச்சர்

அய்யம்பெருமாளுக்கு மூளை இல்லை என்று யார் சொன்னது? குறுக்குப் புத்தியில் அவனை அடிக்க குன்னம் வட்டாரத்திலேயே ஆள் கிடையாது. ஏரிக்கு மழைத்தண்ணீர் வரும் வாய்க்காலை மறித்து பிளாட் போட்டு, எட்டடி உயரத்துக்குச் சுவரும் எழுப்பியிருந்தான். இடிக்கச் சொல்லி ஆர்டர் வந்ததும், அந்தச் சுவர் முழுக்க மரிய புஷ்பம் டீச்சரின் படத்தை வரையவைத்துவிட்டான். கீழே 'ஏரியின் தாய்' என்று எழுத்து வேறு.

மூத்திரம் அடிக்காமல் இருக்கச் சுவரில் சாமி படம் போடுவார்களே, அதே வித்தைதான். முப்பது வருஷமாக வேட்டைக்காரர்களை விரட்டி, ஏரிக்குள் கருவேல மரங்களை நட்டு, நாரைகளைக் கூடு கட்ட வைத்தவர் டீச்சர். அவர் முகத்தில் ஜேசிபியை மோத எவனுக்குத் துணிச்சல் வரும்? இடிக்க வந்த அதிகாரி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, வந்த ஜீப்பிலேயே திரும்பிப் போனார். மானங்கெட்ட கும்பிடு.

இரண்டு ஐப்பசியாக ஏரி நிறையவில்லை. இந்த மழையும் சுவரில் முட்டி நின்றால் நாரைகள் இனி இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

பிளாட் திறப்பு விழாவுக்கு டீச்சரை அழைக்க அய்யம்பெருமாள் பழத்தட்டோடு வந்தான். அவரிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். ஊரே பெருமைப்படுகிறது, நீங்கள்தான் ரிப்பன் வெட்ட வேண்டும் என்று குழைந்தான். தூ, இதுவும் ஒரு பிழைப்பா என்று நினைத்தாலும், வருவதாகச் சொல்லி அனுப்பினார் டீச்சர். அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு போனான்.

விழாவில் அந்த அதிகாரி, பத்திரிகைக்காரர்கள், பந்தல் நிறைய ஜனம். டீச்சர் நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை. தோளில், இந்த ஏரி எந்தக் காலத்திலும் கண்டிராத அன்னப்பறவை. ஒரு நாரை வரையக்கூடத் துப்பில்லை. கத்தரிக்கோலைத் தட்டிலேயே விட்டுவிட்டு, ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்திருந்த கடப்பாரையை எடுத்தார். எழுபது வயதுக் கை. முதல் குத்தில் படத்தின் கால்மாட்டில் கொஞ்சம் சிமெண்ட் உதிர்ந்தது.

அய்யம்பெருமாள் ஓடிவந்தான். "என்ன டீச்சர் பண்றீங்க? ஒங்க படம்ங்க."

"எம் படந்தான? அப்ப நானே இடிச்சுக்கறேன். ஒதுங்கு."

பிறகு அதிகாரியைப் பார்த்துச் சொன்னார்: "இந்த மூஞ்சிக்குத்தான சார் அன்னைக்குப் பயந்தீங்க? இப்ப வண்டிய வரச் சொல்லுங்க."

கேமராக்களெல்லாம் அதிகாரி பக்கம் திரும்பின. அவர் தடுமாறி செல்போனை எடுத்தார். ஜேசிபி வர அரைமணி நேரம் ஆகும் என்றார்.

அந்த அரைமணி நேரமும் டீச்சர் கடப்பாரையைக் கீழே வைக்கவில்லை.