மஞ்சள் சிலிண்டர்

நிஷா பதினோரு வருடம் அந்தமானில் சுற்றுலா வந்தவர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்க் காட்டும் வேலை பார்த்தவள். அப்பா படுத்த படுக்கையானதும் ஸ்ரீரங்கத்துக்கு வந்தாள். அங்கே அம்மாமண்டபம் ரோட்டில் இருந்த ஃபிளாட்டில் நாலு மாதம் அவள்தான் அவரைப் பார்த்துக்கொண்டாள். அவர் போன பிறகு திரும்பிப் போகலாம் என்று போன் செய்தால், அவள் இடத்துக்கு அங்கே வேறு ஆள் வந்தாகிவிட்டது.

கண்டோன்மெண்டில் ஒரு கிளப்பின் நீச்சல் குளத்தில், காலையில் பெண்களுக்கு நீச்சல் சொல்லித்தரும் வேலை கிடைத்தது. ஒன்பது மணிக்கெல்லாம் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதுவும் கிடையாது. பால் பாக்கெட் வாங்கும்போது "ஒண்ணு" என்று சொல்வதுதான் சில ஞாயிறுகளில் அவள் பேசிய ஒரே வார்த்தை.

அந்தக் குளத்தின் ஒரு கோடி பன்னிரண்டு அடி ஆழம். அங்கே ஸ்கூபா வகுப்பு நடத்தலாமா என்று செயலாளரிடம் கேட்டாள். சாமான்கள் உங்களுடையவை என்றால் சரி என்றார். காற்றை மூச்சுக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் ரெகுலேட்டர் அவளிடம் இருந்தது. சிலிண்டர்தான் இல்லை. போனில் தேடியபோது பாலக்கரையில் முகமது இஸ்மாயில் என்பவரின் பழைய இரும்புக் கடையில் மூன்று இருப்பதாக விளம்பரம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்கு ரெகுலேட்டரைப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

"வாங்கம்மா. ஆக்சிஜன் சிலிண்டர்தானே?"

"ஆக்சிஜன் இல்ல பாய். தண்ணிக்குள்ள மூச்சு விடற காத்து."

"ஏதோ ஒண்ணு, கனமா இருக்கு," என்று சிரித்தார் இஸ்மாயில். "ரெண்டுதான் இருக்கு. மஞ்சளா இருந்ததை நேத்தே ஒருத்தர் தூக்கிட்டுப் போயிட்டாரு."

அவளுடைய ரெகுலேட்டர் வால்வுக்குள் திருகி மாட்டும் வகை. கடையில் இருந்தவையோ வெளியிலிருந்து கிளாம்ப் போட்டு இறுக்கும் வகை. இரண்டும் சேராது. ஆனால் வால்வின் வாயை உற்றுப் பார்த்தபோது, உள்ளே ஆறு பட்டையில் ஒரு துளை தெரிந்தது. குமிழைத் திறந்து உள்ளே காற்று மிச்சமில்லை என்று உறுதி செய்துகொண்டாள். பையிலிருந்த ஆறு பட்டைச் சாவியை, ஆலன் கீயை, விட்டுத் திருப்பினாள். சிறிய பித்தளை அடைப்பு ஒன்று கழன்று உள்ளங்கையில் விழுந்தது. இப்போது ரெகுலேட்டர் கையாலேயே கடைசி மரை வரை போய் உட்கார்ந்தது. இன்னொன்றிலும் அப்படியே.

"சேந்துடுச்சா?" என்றார் இஸ்மாயில்.

"சேந்துடுச்சு பாய்." அவள் சத்தமாகவே சிரித்துவிட்டாள். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. இஸ்மாயில் அதற்குள் தராசுப் பக்கம் போயிருந்தார். சிலிண்டர்களைக் கடைக்கு விற்றவரின் நம்பரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஆட்டோ காவிரிப் பாலம் ஏறும்போது அந்த நம்பருக்கு அடித்தாள். உறையூரில் இருக்கும் ஹரிஹரசுதன் என்பவர் எடுத்தார்.

"பாலக்கரையில உங்க சிலிண்டர் ரெண்டு வாங்கியிருக்கேன் சார். உள்ள எப்பவாச்சும் தண்ணி போயிருக்கா?"

"நீங்க டைவராம்மா? திருச்சியிலயா?" என்றார். பிறகு குரல் மாறியது. "ரெண்டுன்னா சொன்னீங்க? மஞ்சள் ஒண்ணு இருந்துச்சே?"

"அதை வேற யாரோ வாங்கிட்டாங்களாம்."

"ஐயய்யோ! அறுத்துப் போடச் சொல்லித்தாம்மா குடுத்தேன். சிலிண்டர் கழுத்து இஞ்சு மரை. நான் மாட்டின வால்வு மில்லிமீட்டர் மரை. உள்ள போகும், நிக்கும். காத்து ஏத்தினா தெறிச்சுடும். எதிர்ல யாராச்சும் நின்னா..."

போனை வைத்ததும் இஸ்மாயிலுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. ஜும்மா தொழுகை நேரம். தீயணைப்பு வீரர்களின் மூச்சுக் கருவிகளுக்குக் காற்று நிரப்பும் கம்பெனி ஒன்று துவாக்குடியில் இருந்தது. இவள் விசாரித்த வரையில் மாவட்டத்திலேயே அது ஒன்றுதான். மஞ்சளை வாங்கியவர் அங்கேதான் போயிருக்க முடியும் என்று அங்கே அடித்தாள். பொன்னுத்தாய் என்ற பெண் எடுத்தாள்.

"மஞ்சளா பழைய சிலிண்டர் ஒண்ணு வந்திருக்கா?"

"இப்பதான் லைன்ல மாட்டறாங்க. ஏன்?"

"நிறுத்துங்க. காத்து ஏத்தாதீங்க. வால்வு வேற மரை. தயவுசெஞ்சு எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லுங்க."

"நீங்க யாருங்க?"

"அப்புறம் சொல்றேன். முதல்ல நிறுத்துங்க!"

போனுக்கு அப்பால் யாரோ யாரையோ கத்திக் கூப்பிடும் சத்தம் கேட்டது. மூன்று மணிக்குப் பொன்னுத்தாயே கூப்பிட்டாள். காற்று ஏற்றாமல் கழற்றிப் பார்த்தார்களாம். வால்வு கையாலேயே ஆடியதாம். "நான்தாங்க பக்கத்துல நின்னு எழுதிக்கிட்டிருந்தேன்," என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வைத்துவிட்டாள்.

ஹரிஹரசுதனிடம் இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனாலும் நிஷா விலாசம் கேட்டுக்கொண்டு, பஸ் பிடித்து உறையூருக்கே போனாள். அவருக்கு அறுபது வயதிருக்கும். கூடத்தில் ஒரே ஒரு நாற்காலி. அதை அவளுக்குப் போட்டுவிட்டு அவர் சுவரோரம் நின்றார். நடந்ததைக் கேட்டதும் மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"நானும் ராஜ்மோகனும் கதவணை, கிணறுன்னு தண்ணிக்குள்ள வேலைக்கு இருபது வருஷம் ஒண்ணா எறங்கினோம். அவன் மஸ்கட் போயிட்டான். முதல்ல வாரம் ஒரு போன். இப்ப பொங்கலுக்கு ஒரு மெசேஜ். தனியா எறங்கக்கூடாது இல்லையா? நான் எறங்கலை. சும்மா இருக்க முடியாம சாமான்களைக் கழட்டி மாட்டிக்கிட்டிருந்தேன். அப்பதான் அந்த வால்வைத் தப்பா மாட்டிட்டேன். அவன் பக்கத்துல இருந்திருந்தா, ஆடுதுடான்னு சொல்லியிருப்பான்."

"சிலிண்டர் ரெடியானதும் ஒரு ஞாயித்துக்கிழமை எங்க கிளப் குளத்துக்கு வாங்களேன் சார். பன்னிரண்டு அடிதான். உங்க சிலிண்டர்தான்."

அவர் முகம் ஒரு நொடி மலர்ந்தது. "பாக்கலாம்மா," என்றார்.

அழுத்தச் சோதனை முடிந்து, காற்று நிரப்பி, சிலிண்டர்கள் வர மூன்று வாரமானது. அந்த ஞாயிறு அவள் இரண்டையும் குளத்தங்கரையில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். ஹரிஹரசுதனை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தாள். ஒன்பதரைக்கு அவரே கூப்பிட்டார்.

"கேட் வரைக்கும் வந்தேம்மா. உள்ள வர முடியலை. அந்த மூச்சுச் சத்தத்தை மறுபடி கேட்டா, அப்புறம் யாருமில்லாத வீட்டுக்குத் திரும்பறது கஷ்டம். தப்பா எடுத்துக்காதீங்க."

"பரவாயில்ல சார்," என்றாள். அவளுக்கு அது நன்றாகவே புரிந்தது.

வாட்ச்மேனை மேலே நிற்கச் சொல்லிவிட்டு இறங்கினாள். அடித்தளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மூச்சு சீராக வந்தது. குமிழிகள் மேலே போயின. பழக்கத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்து, எல்லாம் சரியா என்று எதிரே காட்டினாள். நீல ஓடு பதித்த சுவர்தான் இருந்தது. கையை உடனே இறக்க மனம் வரவில்லை.

மேலே வந்தபோது வாட்ச்மேன் கேட்டார். "அவ்ளோ நேரம் உள்ள என்ன மேடம் பண்ணீங்க?"

"சும்மா உக்காந்திருந்தேங்க," என்றாள் நிஷா.