பச்சைக் கரைத் துணி

கொழுந்தன் மனைவி இசபெல்லா தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாகச் சிரித்துக்கொண்டே வருவதைப் பார்த்தால் ராஜமேரிக்கு வயிறு எரியும். இருவருக்கும் ஒரே மாதத்தில்தான் பிள்ளை பிறந்தது. அவள் மட்டும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள். ராஜமேரிக்கோ பிரசவத்தில் கீழே ஏதோ தளர்ந்துவிட்டது. இருமினாலும் தும்மினாலும் குடம் தூக்கினாலும் சிறுநீர் கசிந்தது. உள்ளே துணி மடித்து வைத்துக்கொள்வாள். சிரிப்பதையே விட்டுவிட்டாள். இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது?

காரணத்தை அவளே கண்டுபிடித்தாள். இசபெல்லாவுக்கு மாரண்டஹள்ளியிலிருந்து அம்மா வந்து, பச்சைக் கரை போட்ட தன் பழைய சேலையைக் கிழித்து, வெகுநாள் வயிற்றுக் கட்டு கட்டிவிட்டாள். ராஜமேரிக்குத் தாய் இல்லை. மாமியார் ராயம்மாள் நாலு நாள் கட்டினாள், அதற்குள் கடலைக்காய் பிடுங்கும் வேலை வந்துவிட்டது. கொடுத்துவைத்த மகராசி, தாய் இருக்கிறவளுக்கு எல்லாம் இருக்கிறது என்று ராஜமேரி பொருமினாள்.

அறுபத்தொன்பதாம் வருஷத் தையில் மாதா கோவில் பொங்கல் வந்தது. வீட்டு மருமகள்கள் பொங்கலுக்குத் தண்ணீர்க் குடம் சுமந்து ஊர்வலமாகப் போக வேண்டும். வரமாட்டேன் என்றால் ஏன் என்று குடைவார்கள். ராஜமேரி இசபெல்லாவின் பெட்டியிலிருந்து அந்தத் துணியை எடுத்து, மூச்சு முட்ட வயிற்றில் கட்டிக்கொண்டு கிளம்பினாள். திருட்டு என்று அவளுக்குத் தோன்றவில்லை, தன் பங்கு என்றே தோன்றியது.

கோவில் மேட்டில் ஏறும்போதுதான் தெரிந்தது. மேலே இறுக்க இறுக்க, பாரமெல்லாம் கீழே இறங்கியிருந்தது. ஒரு தும்மல்தான். கசியவில்லை, கொட்டியே விட்டது. நீலச் சேலை பின்புறம் கருத்தது. பின்னால் வருகிறவளோ இசபெல்லா. ஊர் சிரிக்கப்போகிறது, அதில் முதல் சிரிப்பு இவளுடையது என்று நினைத்தாள் ராஜமேரி.

இசபெல்லா சிரிக்கவில்லை. கால் தடுக்கியவளைப் போல முன்னால் சாய்ந்தாள். அவள் தலைக்குடம் கவிழ்ந்து இருவரும் தொப்பலாக நனைந்தார்கள். கண்ணு தெரியாதா என்று ராயம்மாள் அவளைத்தான் ஏசினாள். ராஜமேரியின் ஈரச் சேலைக்குள் பச்சைக் கரை பளிச்சென்று தெரிந்தது. இசபெல்லா அதைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து அதை மூடிவிட்டு, குடம் எடுக்கிற சாக்கில் குனிந்து மெல்லச் சொன்னாள்.

"எங்கம்மா கட்டுன கட்டுல எனக்கே கசியறது நிக்கலக்கா. சிரிச்சுக்கிட்டே வந்தா யாரும் சேலையப் பாக்க மாட்டாங்க. இப்பக்கூட ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் ஊத்துனேன்."

ராஜமேரிக்கு அழுகை வந்தது. கூடவே பொறாமையும் வந்தது. குடத்தைக் கவிழ்க்கிற புத்தி தனக்கு வரவில்லையே.