முப்பத்தெட்டாம் வரிசை

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள், என் ஆராய்ச்சியால் என்ன பயன் விளைந்தது என்று ஐந்து பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அது எடுபட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மாதக் கடைசியில் மூன்றாவது ஒப்பந்தமும் முடிந்து, நிறுவனம் கொடுத்த வீட்டையும் காலி செய்ய வேண்டும். எனக்கு நாற்பத்து நான்கு வயது. நான்காவது ஒப்பந்தம் என்று ஒன்று விதிமுறையிலேயே கிடையாது.

என் வேலை காகிதத்தில் நடப்பது. கனமான அணுக்கருக்கள் இரண்டை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் மோதவிட்டால் அவை உருகி ஒரு திரவமாக ஓடுகின்றன. இமைப்பொழுது என்று சொன்னால்கூட அந்த நேரத்துக்கு அது மிகை. மோதவிடுவது வேறு ஆட்கள். அந்தத் திரவம் எந்த வெப்பத்தில் எவ்வளவு அழுத்தம் கொடுக்கும், அதில் ஒலி எவ்வளவு வேகமாகப் போகும் என்று எட்டு வருடங்களுக்கு முன் நான் ஓர் அட்டவணை போட்டேன். நூற்றிருபது வரிசை. யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் புரோகிராமில் போட்டுக்கொள்ளட்டும் என்று இணையத்தில் வைத்தேன். இதுவரை முந்நூற்றுப் பதினாறு கட்டுரைகள் அதைக் குறிப்பிட்டிருக்கின்றன. அந்தத் திரவத்தின் பிசுபிசுப்பைப் பற்றியே ஓயாமல் பேசுவதால் துறையில் எனக்குப் பிசின் என்று பெயர்.

"எண்ணிக்கை மட்டும் பத்தாது. யாரு எதுக்குப் பயன்படுத்தினாங்கன்னு எழுதும்மா" என்றார் துறைத்தலைவர். பதினொரு குழுக்களுக்குத் தனித்தனியாகக் கடிதம் போட்டேன். செவ்வாய்க்கிழமைக்குள் ஒன்பது பதில்கள் வந்தன. வந்த வரிசைப்படி படித்தேன்.

எல்லாம் புகழ்ச்சிதான். மூன்றாவது பதிலின் கடைசியில் மட்டும், போகிற போக்கில் ஒரு வரி: நடுவில் ஓரிடத்தில் திரவம் லேசாக இடறுகிறது, அக்கம்பக்கத்து எண்களோடு ஒட்ட நாங்களே இழைத்துச் சரிசெய்துகொண்டோம். ஐந்தாவதிலும் அப்படியே. ஏழாவதில், எங்கள் புரோகிராமில் ஏதோ கோளாறு போலிருக்கிறது, கையால் சமன் செய்தோம் என்றிருந்தது. ஒவ்வொருவரும் தன் வீட்டுக் கூரைதான் ஒழுகுகிறது என்று நினைத்து, அடுத்த வீட்டுக்காரனுக்குத் தெரியாமல் பாத்திரம் வைத்திருக்கிறார்கள்.

ஒன்பதாவது பதில் ஒரு மாணவி எழுதியது. அவள் இழைக்கவில்லை. காரணம் தெரியாமல் இழைக்க மனம் வரவில்லை என்று எழுதியிருந்தாள். இரண்டு வருடமாகத் தன் புரோகிராமில் பிழை தேடுகிறாள். அவளைத் தொடரவிடுவதா, நிறுத்திவிடுவதா என்று முடிவு செய்ய வியாழக்கிழமை அவளுடைய ஆய்வை மதிப்பிடும் குழு கூடுகிறது. உங்கள் முப்பத்தெட்டாம் வரிசையை ஒருமுறை பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தாள்.

பார்த்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அட்டவணையில் வெப்பநிலை முதலில் ஐந்து ஐந்தாக ஏறும், பிறகு பத்துப் பத்தாக ஏறும். மாறும் இடம் முப்பத்தெட்டு. நான் முப்பத்தொன்பது என்று போட்டிருந்தேன். ஆகவே அந்த ஒரு வரிசையில் மட்டும் பத்தால் வகுக்க வேண்டியதை ஐந்தால் வகுத்திருக்கிறேன்; அந்த விடை இரட்டிப்பாக, அதைக் கீழே வைத்து வகுத்து வரும் ஒலியின் வேகம் படுத்துவிட்டது. மறுபடி போட்டேன். மறுபடியும் அதேதான் வந்தது.

அந்த மாணவியின் வழிகாட்டி, எனக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதிக்கொடுத்த மூன்று பேரில் ஒருவர். "குறையே காண முடியாத அட்டவணை" என்று எழுதியிருக்கிறார்.

நான் சொல்லி முடித்ததும் துறைத்தலைவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"இல்லைங்க சார்."

"அப்ப திங்கக்கிழமை கண்டுபிடி."

"சார்?"

"எட்டு வருஷம் தூங்கின தப்பு, இன்னும் ஆறு நாள் தூங்கினா காய்ச்சலா வந்துடும்? எல்லாரும்தான் இழைச்சுட்டாங்களே."

"அந்தப் பொண்ணு இழைக்கல சார். வியாழக்கிழமை அவளுக்கு..."

"பிசினு, உனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. அவ தலைக்கு மேல கூரை வேணுமா வேணாமா?"

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். சாயங்காலம் வந்து கை கழுவிக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன்.

"ஏங்க, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"எவ்வளவு பெரிசு?"

"ஒரு வரிசை. நூத்தியிருபதுல."

"அவ்வளவுதானா? எங்க கம்பெனியா இருந்தா உனக்கு மாலையே போடுவான்." என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "லிஃப்ட் அரை அங்குலம் கீழ நின்னா ஆளுங்க பழகிப்பாங்க. காலைத் தூக்கி வெச்சுட்டுப் போய்க்கிட்டே இருப்பாங்க. யாராவது விழுந்தாத்தான் எங்களுக்கு போன் வரும். உன்னோடதுல யாரு விழுந்தா?"

சொன்னேன். அவர் குழாயை மூட மறந்து நின்றார்.

"வீடு போச்சுன்னா எங்க போறது?"

"தெரியல."

"எனக்கும் தெரியல" என்றார்.

புதன்கிழமை காலை அந்த மாணவிக்கு மட்டும் ஒரு கடிதம் தட்டினேன். 'மற்றவர்களைப் போல் நீங்களும் அந்த இடத்தை இழைத்துவிடுங்கள், சரியாகிவிடும்.' அதில் பொய் என்று ஒரு சொல் இல்லை. ஆனால் நாளைக்குக் குழுவின் முன்னால் அவள், தன் பிழையைத் தானே பூசி மறைத்தவளாக நிற்பாள். அதை அழித்துவிட்டு, அவளுக்கே போன் செய்து என் தவறைச் சொன்னேன்.

"அப்ப என் புரோகிராம் சரியா மேடம்?"

"ஆரம்பத்துலேருந்தே சரிம்மா."

நன்றி சொல்லப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன். அப்படி எதிர்பார்த்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

"ரெண்டு வருஷம் மேடம்" என்றாள். "ஒரே ஒரு தடவை நீங்களே ஓட்டிப் பாத்திருக்கலாமே."

"பாத்திருக்கணும்."

"நான் சொன்னா சார் நம்பமாட்டார்."

"போனை அவர்கிட்ட குடு."

வழிகாட்டி குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டார்.

"எழுத்துல குடுப்பீங்களா?"

"இன்னைக்கே குடுக்கறேன். பதினொரு குழுவுக்கும்."

"அப்ப நான் உங்களுக்குக் குடுத்த கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கணும். குறையே இல்லன்னு எழுதியிருக்கேன். இனிமே அது அங்க இருக்கக் கூடாது. புரியுதில்ல?"

"புரியுது சார். அவளை மட்டும்..."

"அவளை நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார். அந்தக் குரலில் இருந்தது என்மேல் கோபமா, அவள் முன்னால் கூச்சமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

திருத்தத்தை எழுதினேன். எந்த வரிசை, எதால் வகுத்தேன், எதால் வகுத்திருக்க வேண்டும், கண்டுபிடித்தவர் யார். மூன்றரை மணிக்கு அனுப்பினேன். நான்கு மணிக்குள் முதல் பதில் வந்துவிட்டது: 'எந்தத் தேதியிலிருந்து தவறு? எங்கள் கட்டுரைகள் பத்தொன்பது இருக்கின்றன.'

முதல் நாளிலிருந்து என்று பதில் எழுதினேன். துறைத்தலைவர் வாசலில் வந்து நின்றார். திரையைப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். அதற்குள் இன்னும் இரண்டு பதில்கள் வந்திருந்தன.