உள்ளங்கையில் உருக்கிய மருந்து

மகள் தலையணை உறையை உருவி உதறினாள். ஒரு பழைய கைக்குட்டை விழுந்தது. தலையணையும் கை நழுவித் தரைக்குப் போனது. அலமாரியில் ஏற்கெனவே தேடியாகிவிட்டது.

"உங்கம்மா நாக்குக்கு ஒரு பூட்டு வாங்கிப் போடுங்கக்கா," என்றாள் முதியோர் இல்லத்து நர்ஸ். "ஊசி வேளை தவறாம போடறோம். அப்பவும் சக்கரை இறங்கலைன்னா என்ன அர்த்தம்? பக்கத்துக் கட்டில்காரங்களுக்கு வீட்டுலேர்ந்து டப்பா டப்பாவா இனிப்பு வருது."

"என் கட்டில்ல ஒரு எறும்பு இருக்கா பாரு," என்றாள் அம்மா. "இருந்தா அதையே சாட்சிக்குக் கூப்பிடு."

"கிண்டல் வேணாம்மா," என்றாள் மகள். "கால் புண்ணு ஆறலை. விரலை எடுக்கணும்னு டாக்டர் சொல்றாரு. திங்கறியா, இல்லையா?"

பக்கத்துக் கட்டில்காரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அம்மா தன் காலில் சுற்றியிருந்த கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, திங்கறேன். போதுமா?"

மகளுக்குக் கோபத்துக்கு முன்னால் வந்தது நிம்மதி. அதை அவளே கவனித்தாள். அம்மா திருடித் தின்றால் பழி அம்மாவின் நாக்கோடு நின்றுவிடும். இந்த இடத்தைத் தேடிப்பிடித்துச் சேர்த்தவள்வரை வராது.

வாங்கி வந்த புது இன்சுலின் குப்பியைக் கொடுக்க நர்ஸின் அறைக்குப் போனாள். ஃப்ரிட்ஜ் நிறையச் சாப்பாட்டு டப்பாக்கள், யாரையோ வழியனுப்ப வாங்கிய கேக். அவற்றுக்குப் பின்னால், பனி படிந்த சுவரோடு ஒட்டிக்கொண்டு அம்மாவின் குப்பி. லேபிளில் எழுத வேண்டியதெல்லாம் எழுதியிருந்தது: பெயர், அறை, திறந்த தேதி. குலுக்கிப் பார்த்தாள். உள்ளே கல்லாக உறைந்திருந்தது.

"எப்பவும் இப்படித்தானா?"

"ஆமாக்கா, அங்கதான் நல்லா குளிருது. காலையில உள்ளங்கையில வச்சு உருக்கித்தான் போடுவேன். அம்மாவுக்குச் சில்லுனு இறங்கக் கூடாதில்ல?" நர்ஸின் முகத்தில் பெருமை இருந்தது.

உறைந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், உருகினாலும் அதை நம்ப முடியாது என்று மருந்துக்கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் பையில் போடுவார். இங்கே யாரும் யாரிடமும் சொல்லவில்லை. மகளும் சொல்லவில்லை.

அறைக்குத் திரும்பினாள். "மருந்துதாம்மா கெட்டுப்போயிருக்கு. உன்மேல தப்பில்லை. திங்காதப்போ ஏன் திங்கறேன்னு சொன்னே?"

"ஒத்துக்கிட்டா நீ சீக்கிரம் சத்தம் போட்டு முடிப்பேன்னு பார்த்தேன்."

மகள் தலையணையை எடுக்கக் குனிந்தாள்.

"விடு," என்றாள் அம்மா. "ஆயா வந்து எடுப்பா."