ஏழாம் எண் மேகசின்

துப்பாக்கிக் கிடங்குக்காரருக்கு ஒரே வேதம்தான்: தோட்டா அடைக்கும் மேகசினின் உட்புறம் சுக்காகக் காய்ந்திருக்க வேண்டும்.

புதிதாக நாற்பது மேகசின்கள் வந்து இறங்கியிருந்தன. துரு ஏறாமலிருக்க ஆலையில் பூசிய பிசுக்கு எல்லாவற்றிலும் அப்பியிருந்தது. ஒவ்வொன்றாக அடித்தகட்டை நகர்த்தி, எகிறப் பார்க்கும் ஸ்பிரிங்கைக் கட்டைவிரலால் அமுக்கி எடுத்து, உள்ளே துணியை விட்டுத் துடைத்தார். புதுப் பூச்சின் கறுப்பு துணியெல்லாம் ஏறியது. "உள்ள எண்ணெய் நின்னா தூசி ஒட்டும். தூசி ஒட்டினா தோட்டா மேல வராது" என்று அவர் காவலர்களிடம் ஓதாத நாளில்லை.

ஏழாம் எண்ணுக்கு வந்ததும் கை நின்றது. அது மறுநாள் அவர் மனைவிக்குப் போகப்போவது. அவளும் காவலர்தான். சுடும் தேர்வில் இரண்டு முறையும் பழைய மேகசின் பாதியில் சிக்கித் தோற்றவள். இது மூன்றாவது, கடைசி வாய்ப்பு. இதுவும் போனால் பதவி உயர்வு இந்த ஜென்மத்தில் கிடையாது. பாசம் கண்ணை மறைத்தது. புதுசுதானே, வழுவழுவென்று ஓடட்டும் என்று உள்ளே எண்ணெயைச் சாய்த்தார். கொஞ்சம்தான், மூன்று தடவை.

காலையில் சுடுதளத்தில் வரிசையாக எடுத்துக் கொடுத்தார். மனைவி ஏழாம் எண்ணை வாங்கி அவர் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"என்னங்க, உங்க கர்ச்சீப்பக் குடுங்க."

வாங்கிக்கொண்டு மறைவாகப் போனவள், ஐந்து நிமிடத்தில் திரும்பி, அதை நான்காக மடித்து அவர் சட்டைப்பையிலேயே செருகினாள். பயத்தில் வியர்த்திருக்கும், பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

அவள் முறை வந்தபோது காற்று கிளம்பி மண்ணை வாரி அடித்தது. அப்போதுதான் அவருக்குத் தன் வேதம் ஞாபகம் வந்தது. ஆனால் சுடும் கோட்டுக்குப் பின்னால் நிற்பவர் வாயைத் திறந்தால் சுடுபவரின் தேர்வே ரத்து. ஒவ்வொரு வெடிக்கும் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான்கு. ஐந்து. எங்கும் சிக்கவில்லை. பத்தாவதும் வெடித்தது. பத்துக்கு ஒன்பது இலக்கில். தேறிவிட்டாள்.

மதிப்பெண் போட வந்த அதிகாரி கிடங்குக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

"எப்படிச் சிக்காம போச்சு?" என்று மனைவியிடம் மெல்லக் கேட்டார்.

"கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆச்சு. எனக்கு ஜுரம் வந்தாலே வீட்டுக் கதவுக்கெல்லாம் எண்ணெய் விடுற ஆளு நீங்க. பரீட்சைன்னா சும்மா இருப்பீங்களா? கையில வாங்கினதுமே கழட்டித் துடைச்சுட்டேன்."

"எதால துடைச்ச?"

அவள் கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்து நீட்டினாள். நெற்றியிலிருந்து தாடை வரை கன்னங்கரேலென்று இருந்தது.

அவருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளக் கர்ச்சீப்பை எடுத்தார்.