சில்லுமோதல்

விடத்தல்தீவில் பெண்களுக்குச் சில்லு வழங்கப்போகிறார்கள் என்று ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது. அன்று பின்னேரமே மெற்றில்டா தனக்குச் சிவப்புச் சைக்கிள்தான் வேண்டும் என்று தீர்மானித்துவிட்டாள். ஊரில் மற்றப் பெண்களும் அப்படித்தான். சில்லு என்றால் சக்கரம், சக்கரம் என்றால் சைக்கிள், வேறு என்ன? மீளக் குடியேறிய இரண்டு வருஷத்தில் ஒரு நிறுவனம் கோழி தந்தது, இன்னொன்று தையல் மெசின் தந்தது, மூன்றாவது வந்து கை கழுவப் பழக்கிவிட்டுப் போனது. இனிச் சைக்கிள் வருவதுதான் முறை. விடியக் காலமை நண்டு உடைக்கிற கொம்பனி வானைப் பிடிக்க மெயின் றோட்டு வரைக்கும் நடக்கிற மெற்றில்டாவுக்கு அது பெரிய உபகாரம்.

மீன் ஏல மண்டபத்தில் பெட்டியை உடைத்தார்கள். உள்ளே சப்பாத்துகள் இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் நாலு குட்டிச் சில்லு.

"மிச்சச் சைக்கிள் அடுத்த வருசத் திட்டத்திலை வருமாக்கும்," என்றாள் அருளம்மா. கருவாடு காயப்போடுகிற அருளம்மாவுக்கு ஐம்பது வயது. எந்தக் கூட்டமாக இருந்தாலும் முதல் கதிரை அவளுடையது.

பாதிப் பெண்கள் அப்போதே எழும்பிப் போய்விட்டார்கள். பிஸ்கட் பைக்கற்று இனித்தான் பிரிபடும் என்று தெரிந்தவர்கள் மட்டும் இருந்தார்கள். மெற்றில்டாவும் இருந்தாள்.

அந்த மண்டபத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவேண்டும். மீன் இறங்குவது துறையில். மண்டபத்தைக் கட்டியது அதற்கு வெகுதூரத்தில், பார்க்க வருகிறவர்களின் வாகனம் சுகமாகப் போய் நிற்கத்தக்க றோட்டோரத்தில். நடந்துபோய் ஏலத்தில் குந்த மீனுக்குக் கால் இல்லாதபடியால் மண்டபம் ஆட்டுக்குத்தான் உதவியது. ஆனால் நல்ல வழுவழுப்பான சீமெந்து நிலம். மீன் கழுவிய தண்ணி ஓடுவதற்காக ஒரு பக்கம் லேசாகச் சரித்து, சரிவின் கடைசியில் ஒரு தொட்டியும் கட்டியிருந்தார்கள்.

சப்பாத்தோடு வந்தவள் கிறிஸ்டா என்ற வெள்ளைக்காரி. முழங்கால் இரண்டும் தழும்பு. அதைப் பார்த்த பிறகுதான் பெண்களுக்கு அவளில் ஒரு மரியாதை வந்தது. அவள் சொல்வதைத் தமிழாக்கியவர் கைகோர்ப்பு நிறுவனத்தின் கள அலுவலர் யசோதரன். நல்ல மனிதர்தான். ஆனால் லேசான சொல்லில் ஒரு விஷயத்தைச் சொன்னால் தன் படிப்புக்கு அவமானம் என்று நினைப்பவர். விளையாட்டின் பெயரைச் 'சில்லுமோதல்' என்று அவர்தான் பெயர்த்தார்.

விளையாட்டு இதுதான். இரண்டு கட்சியும் ஒரே வட்டத்தில் சில்லுச் சப்பாத்தோடு ஓடும். தலைக்கவசத்தில் நட்சத்திரம் போட்ட ஒருத்தி எதிர்க்கட்சிக்காரரை முந்திப் பிரித்துக்கொண்டு போகவேண்டும். அவர்கள் சுவர்போல நெருங்கி நின்று இடுப்பாலும் தோளாலும் இடித்து அவளை மறிக்கவேண்டும். கை நீட்டக் கூடாது.

"முதலிலை விழப் பழகவேணுமாம்," என்றார் யசோதரன்.

"அதைப் படிப்பிக்கவோ இவ்வளவு தூரம் வந்தவ?" என்றாள் அருளம்மா. "ஐயா, கேட்டுச் சொல்லுங்கோ, எழும்பிறதுக்கும் வகுப்பு இருக்கோ எண்டு."

கிறிஸ்டா இருக்கிறது என்றாள். அதுதான் மெற்றில்டாவை மறுநாளும் வரப்பண்ணியது.

மறுநாள் வந்தபோது அங்கே றாபியா நின்றாள். மெற்றில்டாவுக்குத் திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது.

றாபியாவின் குடும்பம் தொண்ணூறாம் ஆண்டு எல்லா முஸ்லிம்களோடும் ஊரை விட்டுத் துரத்தப்பட்டபோது அவளுக்கு ஆறு வயது. புத்தளத்தில் வளர்ந்து, கலியாணம் கட்டி, சண்டை முடிந்து திரும்பி வந்தால் வாப்பாவின் காணியில் மெற்றில்டாவின் தகரவீடு நிற்கிறது, முன்னால் நிறுவனத்தின் பலகையோடு. மெற்றில்டா அந்த இடத்தைத் தெரிந்தெடுக்கவில்லை. செட்டிகுளம் முகாமிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கியபோது, குடைபிடித்த ஒரு ஐயா "இதிலை இருங்கோ" என்று குடைநுனியால் காட்டினார். இருந்தாள். றாபியா அதே காணியின் மூலையில் ஓலைக்கொட்டில் போட்டாள். நடுவில் ஒரு கிடுகு வேலி. இருவரிடமும் கடுதாசி இருந்தது. இரண்டு கடுதாசியும் சரியென்று காணிக் கந்தோரில் சொன்னார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் கந்தோருக்கு வேலை முடிந்துவிடும்.

இருவரும் ஒருநாளும் முகம் பார்த்துக் கதைத்ததில்லை. சாடையில்தான் எல்லாம். றாபியா தன் கோழியோடு கதைப்பாள்: "ஏய் கோழி, அடுத்தவன் மண்ணுல முட்டை போட்டா அந்த மண்ணு உன்னுது ஆகிருமா?" இந்தப் பக்கம் மெற்றில்டா தன் நாயோடு கதைப்பாள்: "ரைகர், நீ பேசாமல் படு. இருக்கச் சொன்ன ஐயாவிட்டைப் போய்க் கேக்கட்டும். உன்னிலையும் என்னிலையும் என்ன பிழை?"

கோழியும் நாயும் மட்டும் வேலிக்குக் கீழால் போய்வந்து நன்றாகத்தான் இருந்தன.

இடிக்கப் பழக்கிய நாளில் கிறிஸ்டா மெற்றில்டாவின் தலையில் நட்சத்திரத்தைப் போட்டாள். மறிக்க நின்றவள் றாபியா. பர்தாவுக்கு மேலே தலைக்கவசம், நீளச் சட்டைக்கு மேலே முழங்கால் காப்பு. விசில் ஊதியது. மெற்றில்டா வந்தாள். றாபியா இருபத்திரண்டு வருஷத்தையும் இடுப்பில் சேர்த்து ஒரு இடி இடித்தாள். மெற்றில்டா போய்த் தொட்டியடியில் விழுந்தாள்.

மெற்றில்டா பழக்கியபடியே ஒரு முழங்காலை ஊன்றி எழும்பினாள், சுற்றி வந்தாள், கொம்பனியில் நாள்முழுக்க நின்று இறுகிப்போன இடுப்பால் திருப்பி இடித்தாள். இந்த முறை றாபியா தொட்டியடியில்.

கீழே கிடந்தவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

"நோகுதோ?" என்றாள் மெற்றில்டா. நாய் பக்கத்தில் இல்லாதபடியால் நேரேதான் கேட்கவேண்டியிருந்தது.

"நொந்தா? மருந்து போடவா போறீங்க?"

"இல்லை. நொந்ததோ எண்டு அறியத்தான்."

"நொந்திச்சு. சந்தோசமா?"

"ஓம்."

அதற்குப் பிறகு மண்டபம் பின்னேரங்களில் கலகலத்தது. கொம்பனி வானால் இறங்கியதும் மெற்றில்டா வீட்டுக்குப் போகாமல் நேரே அங்கே ஓடுவாள். கிறிஸ்டா தன் ஊர் வழக்கப்படி எல்லாரையும் விளையாட்டுக்கு ஒரு பட்டப்பெயர் வைக்கச் சொன்னாள். பட்டப்பெயர் வைக்க இந்தக் கரையில் ஆருக்கும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. மெற்றில்டாவின் கவசத்தில் றாபியா சுண்ணாம்பால் 'நண்டு' என்று எழுதினாள். றாபியாவுடையதில் மெற்றில்டா 'கோழி' என்று எழுதினாள். இன்னும் இரண்டு பேர் 'சூடை', 'கணவாய்' ஆனார்கள். அருளம்மாவுக்கு 'திருக்கை' என்று வைத்தார்கள். வாலால் அடிக்கிற சாதி என்று அவளுக்கு வலு புளுகம், வாயெல்லாம் சிரிப்பு. சுவர் கட்டும்போது நண்டின் தோளில் கோழியின் கை இருக்கும். முகாமில் வரிசை வரிசையாய் நின்ற காலத்தில் மெற்றில்டாவை ஆயிரம் பேர் முட்டியிருக்கிறார்கள். விழாமல் பிடித்தது இந்தக் கைதான். மண்டபத்துக்கு வெளியே வந்தால் பழைய வேலி, பழைய சாடை. ஆனாலும் கோழிக்குச் சொல்லும் வசனங்களில் காரம் குறைந்திருந்தது. ஒருநாள், "கோழி, அந்த வீட்டுக் கூரை ஒழுகுதாம், போய்ப் பாரு," என்றுகூட றாபியா சொன்னாள்.

கிறிஸ்டா ஊருக்குத் திரும்புகிற காலம் வந்தது. மண்டபத்துக்கு அதுவரை திறப்பு விழா நடக்கவில்லை. கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்து திறப்பார், எல்லாம் நல்லபடி நடந்தால் மண்டபப் பூட்டைத் திறக்கிற திறப்பு பெண்களின் கையில், சப்பாத்தும் இங்கேயே என்று நிறுவனம் சொன்னது. பிழைத்தால் சப்பாத்து கிறிஸ்டாவோடு போய்விடும். மெற்றில்டா சைக்கிளை மறந்தாள். அந்தத் திறப்புத்தான் வேண்டும் என்று செபமாலை சொல்லத் தொடங்கினாள்.

ஆயத்தக் கூட்டத்தில் பதாகையை விரித்தார்கள். 'சில்லுமோதல் – பெண்கள் அணி'. கந்தோர்ப் பெரியவர்களின் முகம் கறுத்தது.

"மோதலோ? மோதல் எல்லாம் முடிஞ்சுது, தம்பி. அந்தச் சொல்லே இப்ப இல்லை."

கூட்டத்தில் சீருடைக்காரர் ஒருவரும் இருந்தார். அவர் வாய் திறக்கவில்லை. திறக்காததே மற்றவர்களுக்குப் போதுமாக இருந்தது. யசோதரன் வியர்த்து, அந்த இடத்திலேயே பெயரை மாற்றினார்: 'சில்லுவழி நல்லிணக்கம்'. எல்லாரும் கை தட்டினார்கள். தட்டி முடிந்ததும், பெயரில் இல்லாத மோதல் விளையாட்டிலும் இருக்கக் கூடாது என்று ஒருவருக்குப் பட்டது.

"அண்டைக்கு ஒருத்தரும் ஒருத்தரையும் இடிக்கக் கூடாது," என்றார் யசோதரன் பெண்களிடம். "கைகோத்துக்கொண்டு மெல்லமாய் உருளுங்கோ."

"அப்ப என்னத்தை விளையாடுறது, சேர்?" என்றாள் மெற்றில்டா. "காலை உடைச்சுப்போட்டு நண்டை நட எண்ட மாதிரிக் கிடக்கு."

"திறப்பு வேணுமோ வேண்டாமோ?"

வேணும் என்றாள்.

விழாவுக்கு வந்த பெரியவரின் பதவியை எழுதப் பதாகையில் இரண்டு வரி போனது. பேச்சு அதைவிட நீளம். ஒற்றுமையைப் பற்றி அவர் பேசப் பேச, ஒற்றுமையாக வெயிலில் நிறுத்தப்பட்ட பள்ளிப் பிள்ளைகளில் ஒன்று மயங்கி விழுந்தது. பிறகு படம் எடுக்கிறவர்கள், ஐயாவும் சப்பாத்துப் போட்டால் நல்லாயிருக்கும் என்றார்கள். ஐயாவுக்கும் அதே எண்ணம். கிறிஸ்டா பதறிப்போய், முதலில் விழப் பழகவேண்டும் என்று சொல்லச் சொன்னாள். 'விழுங்கோ' என்று ஒரு பெரியவரிடம் எந்த வாயால் சொல்வது? யசோதரன் மொழிபெயர்த்தார்: "தங்களைப் பணிவோடு வரவேற்கிறா, சேர்."

இரண்டு பேர் பெரியவரைத் தாங்கிப் பிடித்தார்கள். "கையை எடுங்கோ, படத்திலை விழுது," என்றான் கமெராக்காரன். எடுத்தார்கள்.

நிலம் சரிவு என்பது ஊர்ப் பெண்களுக்குத் தெரியும், ஆட்டுக்கும் தெரியும். பெரியவர் உருளத் தொடங்கினார். முதலில் தன் திறமை என்று நினைத்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு மட்டும் நின்றது.

குறுக்கே கைகோர்த்து நின்ற பெண்களுக்கு யோசிக்க நேரமில்லை. மெற்றில்டா கையை விட்டு இடுப்பைத் தாழ்த்தினாள், தோளில் றாபியாவின் கை வந்து விழுந்தது, சுவர் எழும்பிவிட்டது. நல்ல சுவர். ஒரு யானையை மறிக்கும்.

அப்போது மைக்கில் யசோதரன் கத்தினார்: "மோதக் கூடாது! ஒருத்தரும் மோதக் கூடாது!"

ஒலிபெருக்கி சொன்னால் செய்வது என்பது முகாமில் எலும்புக்குள் போன பழக்கம். மனம் விளங்கிக்கொள்ள முதலே மெற்றில்டாவின் உடம்பு விலகிவிட்டது. மறுபக்கம் றாபியாவும் விலகினாள். சுவர் இரண்டாகப் பிரிந்து பெரியவருக்கு வழிவிட்டது. இவ்வளவு பெரிய மனிதர் கடந்து போகிறாரே என்று அருளம்மா கைகூப்பிவிட்டாள். கும்பிட்டால் திருப்பிக் கும்பிடுவது பெரியவரின் தொழில். அவரும் இரண்டு கையையும் எடுத்துக் கூப்பினார். கும்பிட்டபடியே தொட்டிக்குள் போனார்.

மெற்றில்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. திறப்பும் தொட்டிக்குள் போனது அவளுக்குத் தெரிந்தது.

பெரியவருக்கு மணிக்கட்டு முறிந்தது. அதற்கு ஒரு விசாரணை. நண்டையும் கோழியையும் வேறுவேறு அறையில் வைத்துக் கேட்டார்கள்.

"மற்றவதானே முதலிலை விலகினது?" என்றார் விசாரித்தவர், மெற்றில்டாவிடம் மிகவும் அன்பாக. "ஓம் எண்டு சொன்னால், உங்கடை ஆக்களுக்கு மண்டபத்தைத் தர யோசிக்கலாம்."

உங்கடை ஆக்கள். மெற்றில்டாவின் கண்ணுக்குள் திறப்பு ஒருதரம் மின்னிவிட்டுப் போனது. திருக்கை, கோழி, சூடை, கணவாய் என்று மனதுக்குள் ஆக்களைக் கணக்கெடுத்துப் பார்த்தாள்.

"நான்தான் சேர் முதலிலை விலகினது."

பக்கத்து அறையில் றாபியாவும் "நான்தான்" என்றிருக்கிறாள். ஒரே குற்றத்தை இரண்டு பேர் ஏற்றால் எழுதுகிறவருக்குச் சிக்கல். அவர் சுலபமான வழியில் எழுதினார். யசோதரன் அதை வாசித்துக் காட்டும்போது தலை நிமிரவில்லை: 'இரு சமூகங்களையும் சேர்ந்த பெண்களிடையே நீண்டகாலமாக நிலவிய மோதலே இச்சம்பவத்துக்குக் காரணம்.'

"சொல்லு திரும்பி வந்திட்டுது, சேர்," என்றாள் மெற்றில்டா.

சப்பாத்து பெட்டிக்குள் போனது. கிறிஸ்டா எல்லாரையும் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு விமானம் ஏறினாள். மண்டபத்துக்குப் பெரிய பூட்டு. ஆடுகள் வெளியே நின்று பார்த்தன. மோதல் இருப்பது உறுதியானபடியால் மோதல் தவிர்ப்புக்குப் புதிதாகக் காசு வந்தது. பயிற்சிப் பட்டறைக்குக் கத்தோலிக்கப் பெண்களை ஒரு நாளும், முஸ்லிம் பெண்களை இன்னொரு நாளும் கூப்பிட்டார்கள்.

கடைசியாக ஒரு லொறி மெற்றில்டாவின் வாசலில் வந்து நின்றது. கூரைத் தகரம் என்று நினைத்து ஓடினாள். இரண்டு வருஷமாய்க் கேட்ட தகரம். லொறியில் இருந்தது மோதல் தவிர்ப்புக் காசில் வாங்கிய கொங்கிறீற்றுத் தூணும் கம்பிவலையும். கிடுகு வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அரை நாளில் காணியை நடுவால் அறுத்தார்கள்.

ஆக்கள் போன பிறகு மெற்றில்டா வலையடிக்கு வந்தாள். அந்தப் பக்கம் கோழி தலையை நுழைக்கப் பார்த்து ஏலாமல் நின்றது. றாபியா அதைத் தூக்கிக் கக்கத்தில் வைத்தாள்.

"இனிக் கோழி வராது புள்ள," என்றாள். "கதைக்கிறதுன்னா நேரதான் கதைக்கணும்."

"என்னத்தைக் கதைக்கிறது? காணி உன்ரை எண்டோ?"

"காணி என்ட வாப்பாடதான். அத நான் விடமாட்டன்."

"நான் எங்கை போறது?"

றாபியா கோழியை இறக்கிவிட்டு, ஒரு முழங்காலைத் தாழ்த்தி, பழக்கியபடியே தூணுக்கு இடுப்பால் ஒரு இடி விட்டாள். மெற்றில்டாவும் இந்தப் பக்கத்திலிருந்து ஒன்று விட்டாள்.

தூண் அசையவில்லை. இந்த ஊருக்கு வந்த திட்டங்களிலேயே ஒழுங்காகச் சீமெந்து போட்டுக் கட்டியது அதைத்தான்.